ஒரு சும்மா எண்ணிக்கை

அந்த வளையமெல்லாம் மடியிலயே வெச்சுக்குங்க டீச்சர். மேல போட்டா வளைவுல உருண்டு யார் தலையிலயாவது விழும். டீச்சர்னு எப்படிக் கண்டுபுடிச்சேன்னு பாக்கறீங்களா? கழுத்துல விசில், கையில வளையம், வெயில்ல கறுத்த முகம். டிரில் டீச்சரேதான். சத்தியமங்கலங்களா? செரி செரி. நான் அதுக்கு முன்னாடி, புளியம்பட்டி தாண்டி அந்த இன்ஜினியரிங் காலேஜ் ஸ்டாப்புல இறங்கணும். பேச்சுவாக்குல விட்டுட்டேன்னா சொல்லுங்க. எனக்குப் பேச ஆரம்பிச்சா நிக்காது.

இந்த ஃபைலுங்களா? நாப்பது பக்கம் இருக்கு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு ஒரு மனுஷனோட மானத்தை வாங்கப் போறேன். அதுக்கு உண்டான சாமான் இது.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். பதினேழு வருஷம் காத்திருந்தேன். அந்த ஆளு பேரு தனசீலன். இப்ப அந்தக் காலேஜ்ல பேராசிரியராம், அங்க ஒரு லேப் கட்டி அவர் பேரு வெக்கறாங்களாம். திறப்பு விழா. பேப்பர்ல போட்டோவோட வந்துச்சு. காப்பி குடிச்சுட்டு இருந்தேன், டம்ளரை அப்படியே வெச்சுட்டேன். எங்கூட்டுக்காரர் கேட்டார், "என்னாச்சு பூங்கோதை, யாராவது தவறிட்டாங்களா?"ன்னு. இன்னும் இல்லைன்னு சொன்னேன்.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். டிரில் டீச்சருக்குப் புரியாம யாருக்குப் புரியும்? சுதந்திர தினத்துக்கு மாஸ் டிரில் பழக்குவீங்கல்ல. அறுபத்திநாலு பிள்ளைங்கன்னு வெச்சுக்குங்க. எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குட்டி பிராசஸர். கணக்குப் போடற மிஷினு. அறுபத்திநாலும் சேந்து ஒரே சிப்பு, என் கட்டைவிரல் நகம் அகலம். பீளமேட்டுப் பக்கம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல நாங்க செஞ்சது. பேரு வேண்டாம், இப்ப அது இல்லவும் இல்லை.

ஊர்ல மத்தவங்க செய்யற சிப்புல, ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையை ஓயாம கேட்டுக்கிட்டே இருக்கும். முடிச்சுட்டியா, குடுக்கட்டுமா, வாங்கிக்கறியான்னு. அந்தக் கேள்வியிலயே பாதிக் கரண்ட் தீந்துரும். சிப்பு சூடாகும், அதுக்கு மேல ஒரு ஃபேன் ஓடணும். எங்க சிப்புல கேள்வியே கிடையாது. மூணாவது எண்ணிக்கையில இடது கையை நீட்டு, அங்க பந்து இருக்கும், நாலுல அக்கட்ட குடு. அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பாக்காது. யார் எந்த எண்ணிக்கையில என்ன செய்யணும்னு முன்னாடியே எழுதிக் குடுத்துரும் கம்பைலர். அந்தக் கம்பைலர் நான் எழுதினதுங்க. தனியா. ரெண்டு வருஷம்.

பிராசஸருக்கு மூளையே வெக்கலைங்க. மூளை பூரா எங்கிட்ட. ஃபேன் வேண்டாம், சூடு கிடையாது, டார்ச் லைட் பேட்டரியில ஓடும். ஒருத்தரை ஒருத்தர் கேக்கற வழக்கம் இல்லாததனால வந்த மிச்சம் அது. நான் வீட்டையும் அப்படித்தான் நடத்தினேன். ஆறு பத்துக்குப் பாலு, ஆறு இருவதுக்குக் குளிக்க, ஏழுக்கு டிபன். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்லை. பொண்ணு மட்டும் எப்பவும் பத்து நிமிஷம் லேட்டா வரும். இப்பப் புனேல இருக்கா. போன் பண்றதும் லேட்டாத்தான்.

எதுக்கு இந்த சிப்பா? துணி பாக்கங்க. மில்லுல ஓடற துணிக்கு மேல ஒரு கேமரா. அது எடுக்கற படத்தை நம்ம சிப்பு பாத்து, நூல் அறுந்திருந்தா, ஓட்டை இருந்தா, பீப்னு கத்தணும். மில் முதலாளிங்க காத்துக்கிட்டு இருந்தாங்க.

சிப்பை வரைஞ்சவர்தான் தனசீலன். மைதானத்தைக் கட்டினவர் அவரு, டிரில் சொல்லிக் குடுத்தவ நானு. குரலே எழும்பாது அந்த மனுஷனுக்கு. சட்டைப்பையில கூராச் சீவின பென்சிலு. மத்தியானம் ஒரு ஓரமா உக்காந்து டிபன் பாக்ஸைத் திறந்து ரெண்டு இட்லி, அதுவும் சத்தமில்லாம. இந்த மாதிரி ஆளுங்ககிட்டத்தான் டீச்சர் சாக்கிரதையா இருக்கணும்.

சிப்பு எப்படி வேலை செய்யும்னு ஒரு புஸ்தகம் எழுதிக் குடுத்தார், எரநூறு பக்கம். நான் எந்தப் புஸ்தகத்துக்கும் முதல் பக்கத்தைப் படிக்கமாட்டேங்க. அதுல என்ன இருக்கும்? இந்தப் புஸ்தகத்தை எப்படிப் படிக்கணும்னு உபதேசம். எனக்கு இவரு படிக்கக் கத்துத் தரணுமா? நேரா அட்டவணைக்குப் போயிட்டேன். அதுல தெளிவாப் போட்டிருக்கு, கேமராவுல இருந்து படம் மூணாவது எண்ணிக்கையில முதல் வரிசைக்கு வந்துரும்னு. நானும் மூணுல கையை நீட்டச் சொல்லி எழுதிட்டேன். ஓட்டிப் பாத்தா எல்லாம் குப்பை. ஏன்னு எண்ணிப் பாத்தேன். படம் நாலுல வருது.

நாலுலங்க! பந்து வர்றதுக்கு முன்னாடியே பிள்ளை கையை நீட்டி, வெறுங்கையை அடுத்த பிள்ளைக்குக் குடுக்குது. அது அதுக்கு அடுத்ததுக்கு. அறுபத்திநாலு பிள்ளையும் வெகு சுறுசுறுப்பா வெறுங்கையை மாத்திக்கிட்டு இருக்கு.

உங்க சிப்பு ஒரு எண்ணிக்கை லேட்டுன்னேன். இல்லீங்க மேடம், மூணுலதான் வருதுங்கறார். என் மேசையில நான் எண்ணினா நாலு, அவர் மேசையில அவர் எண்ணினா மூணு. ரெண்டு தடவை வந்தார், சேந்து உக்காந்து எண்ணலாமா மேடம்னு. சேந்து உக்கார எனக்கு நேரமில்லைன்னு அனுப்பிட்டேன். தப்பு பண்ணினவரோட சேந்து எதுக்குங்க எண்ணணும்?

ஆனா வேலை நிக்கக்கூடாதே. அதனால நானே என் கம்பைலர்ல ஒரு சும்மா எண்ணிக்கையைச் சேத்தேன். ஒண்ணுமே செய்யாம எல்லாரும் நிக்கற எண்ணிக்கை. ஒரே ஒரு வரி. சிப்பு சரியாயிருச்சு. அவர் தப்பை நான் மூடினேன். யார்கிட்டயும் சொல்லலை. பெருந்தன்மைங்க, வேற என்ன?

கோவில்பாளையம் வந்துருச்சுங்களா? பரவாயில்லை, நேரம் இருக்கு.

அப்பறம் ஒரு நாள் ஆய்வுக் கூட்டம். டெல்லியில இருந்து பெரியவங்கெல்லாம் வந்திருந்தாங்க. தனசீலன் எந்திரிச்சு, அந்த எழும்பாத குரல்ல சொல்றார்: "மென்பொருள் பக்கம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு எண்ணிக்கை சும்மா போகுது. அதை எடுத்துட்டா இன்னும் வேகமாகும்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. மந்தமா இருக்குன்னு ஒருத்தர் நோட்டுல எழுதிக்கிட்டார். என் கம்பைலர் மந்தமாம்!

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. உடம்பெல்லாம் எரிஞ்சுது. அவர் அழுக்கை நான் துணி போட்டு மூடினா, அந்தத் துணியைத் தூக்கிக் காட்டி அழுக்குங்கறார். அன்னைக்கே முடிவு பண்ணினேன். இரு தம்பி, எடுக்கணும்னுதானே கேட்ட, எடுத்துடறேன்.

எடுத்தேன். எப்பன்னு நெனைக்கறீங்க? மில் முதலாளிங்க வந்த அன்னைக்குக் காலையில. திருப்பூர், பல்லடம், சோமனூர்ல இருந்து முப்பது பேரு. அந்த ஒரே வரியைத் தூக்கிட்டு, பின்வரிசையில போயி உக்காந்து முந்திரி பிஸ்கட் சாப்பிட்டேன். தனசீலன் துணியை ஓட விடறார். பளிச்சுனு வெள்ளைத் துணி, ஒரு குறை கிடையாது. பீப். இன்னொரு துணி. பீப். ஓட்டைத் துணியை விட்டா சத்தமே இல்லை. ஒரு பெரியவர் எந்திரிச்சு, "என்ற வேட்டியைக் காட்டு கண்ணு, அதையாவது நல்லா இருக்குங்குதான்னு பாப்போம்"னு நுனியைத் தூக்கிப் புடிச்சார். பீப்! கூட்டமே உருண்டு சிரிச்சுது. தனசீலன் அந்தப் பென்சிலைக் கையில வெச்சுக்கிட்டு நின்னார் பாருங்க. அந்த முகத்தை நான் பதினேழு வருஷமா தினம் ஒரு தடவை நெனச்சுக்குவேன். மனசுக்கு அப்படி ஒரு குளுமை.

ஒரு மாசத்துல திட்டத்தை மூடிட்டாங்க. ஒம்பது பேருக்கு வேலை போச்சு. புஷ்பலதான்னு ஒரு பொண்ணு, அடுத்த மாசம் கல்யாணம் வெச்சிருந்துச்சு, மாடிப்படியில உக்காந்து அழுதுச்சு. பாவமாத்தான் இருந்துச்சு. எல்லாம் அந்த ஆளால வந்ததுதானுங்களே.

வேடிக்கை என்னன்னா, தனசீலன் வாயே திறக்கலை. முந்தின நாள் கம்பைலரையும் அன்னைக்கு ஓடினதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒரே ஒரு வரிதான் வித்தியாசம், எம் பேரோட. அவர் பாத்தாருன்னு எனக்குத் தெரியும், அந்த ஃபைலைத் திறந்த நேரம் பதிவாயிருக்குது. பாத்துட்டு என்ன பண்ணினார் தெரியுங்களா? தன் பக்கத் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வேலையை விட்டுட்டுப் போயிட்டார். பாத்தீங்களா? தன் சிப்பு லேட்டுன்னு மனசார ஒத்துக்கிட்டார். இல்லேன்னா எந்த மனுஷன் சும்மா போவான்?

போகும்போதும் அந்தத் திமிரு போகலைங்க. என் டிராயர்ல ஒரு துண்டுச் சீட்டு வெச்சுட்டுப் போனார். பென்சில்ல எழுதினது. இதோ, இதையும் ஃபைல்ல கோத்திருக்கேன். "மேடம், முதல் எண்ணிக்கை எங்கே ஆரம்பிக்கிறது என்று நேரம் கிடைக்கும்போது ஒரு தடவை பாருங்கள்." எனக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதாம்! எவ்வளவு கொழுப்பு? இன்னைக்கு இதையும் மேடையில படிப்பேன். அவர் சம்சாரம், பிள்ளைங்க, மாணவருங்க எல்லாரும் இருப்பாங்க. கேள்வி கேக்க நேரம் குடுப்பாங்கல்ல, அப்ப எந்திரிப்பேன். உங்க பேராசிரியர் செஞ்ச சிப்பு ஒரு எண்ணிக்கை லேட்டு, இந்தாங்க நாப்பது பக்கம்னு நீட்டுவேன். அந்தப் பென்சில் முகம் இன்னொரு தடவை வேணும் எனக்கு.

அன்னூரு. ஏறட்டும் ஏறட்டும், நீங்க இப்படித் தள்ளி உக்காருங்க.

என்ன கேட்டீங்க? விசிலா? என்ன விசிலு?

இல்லைங்க, சிப்புல விசில் கிடையாது. விசில் மாதிரி ஒண்ணு உண்டு. ஆரம்பிக்கறதுக்கு "தயார்"னு ஒரு அடையாளம் எல்லாருக்கும் போகும். ஆமாங்க, உங்க விசிலேதான்னு வெச்சுக்குங்களேன்.

எங்கிருந்து எண்ணினேன்னா? இதென்னங்க கேள்வி. விசில் ஒண்ணு. அப்பறம் ரெண்டு, மூணு, நாலு.

உங்க பள்ளிக்கூடத்துலயா? ம். மாவட்ட விளையாட்டு விழா. ரெண்டு பள்ளிக்கூடம் சேந்து ஒரே டிரில். ம். நீங்க விசிலையே ஒண்ணுன்னு பழக்கியிருந்தீங்க. அந்த மேட்டுப்பாளையம் டீச்சர் விசில் முடிஞ்சதும் அடுத்ததுதான் ஒண்ணுன்னு. அதனால கலெக்டர் முன்னாடி பாதிப் பிள்ளைங்க கையைத் தூக்க, மீதிப் பிள்ளைங்க... அவங்க பிள்ளைங்க ஒரு எண்ணிக்கை லேட்டுன்னு நீங்க சண்டைக்குப் போனீங்க. உங்களுக்கு நாலு. அவங்களுக்கு மூணு.

ஒரு நிமிஷம் டீச்சர். இந்த வளையத்தைக் கொஞ்சம் அக்கட்ட எடுங்க.

எங்க அது... ஜெராக்ஸ் கடைப் பையன்கிட்ட அவர் புஸ்தகத்துல அட்டவணை மட்டும் போதும்டான்னேன். முதல் பக்கத்துல இருந்தே எடுத்துட்டான், வேண்டாத பக்கம்னு கடைசியில செருகி வெச்சேன். இதுதான். முதல் பக்கம். என் கண்ணாடி எங்க... நீங்களே படிங்க டீச்சர், மூணாவது வரி. இங்கிலீஷ்ல இருந்தா என்ன, படிங்க.

தமிழ்ல சொன்னா, தயார் அடையாளம் எண்ணிக்கையில் சேராது. அதற்கு அடுத்ததே ஒன்று.

கட்டம் கட்டிப் போட்டிருக்கார் பாருங்க. தடிச்ச எழுத்துல.

தண்ணி இருக்குங்களா?

அந்தப் பக்கத்தை இப்படிக் குடுங்க. இந்தத் துண்டுச் சீட்டையும் அதோட சேத்துக் கோத்துக்கறேன்.

அந்த மனுஷனுக்குத் தெரியும் டீச்சர். அந்த ரெண்டு ஃபைலைத் திறந்து பாத்த அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. நான் எண்ணினதும் தப்பு, அந்த வரியைத் தூக்கினதும் நானு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும், ஊரே துப்பியிருக்கும். சொல்லலை. தன் தலையில போட்டுக்கிட்டுப் போயிட்டார். போகும்போது பென்சில்ல ஒரு வரி. நேரம் கிடைக்கும்போது பாருங்கள்னு. பதினேழு வருஷத்துல எனக்கு நேரம் கிடைக்கலை.

புஷ்பலதாவுக்குக் கல்யாணம் நடந்துச்சான்னு கூட நான் கேக்கலைங்க.

நீங்க எங்கிருந்து எண்ணறீங்கன்னு ஒரு கேள்வி. ஒரே கேள்வி. ரெண்டு மேசைக்கும் நடுவுல இருவது அடி. அவர் வந்தாரு, நான் போகச் சொன்னேன்.

என்னது, மனசை ஆத்திக்கணுமா? எப்படிங்க ஆறும்? எனக்கு இப்பத்தான் அவர் மேல நெசமான கோவம் வருது. இத்தனை வருஷமா இருந்தது கோவமே இல்லை போலிருக்கு. திருப்பி அடிச்சிருந்தா தீந்து போயிருக்கும். அவரு பாட்டுக்கு விட்டுக்குடுத்துட்டுப் போயிட்டார். நான் இங்க தினம் அவர் முகத்தை நெனச்சு சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்கேன். மன்னிச்சுட்டுப் போனவனை என்ன பண்றது டீச்சர்? அதுக்கு எப்படிப் பழி வாங்கறது?

நீங்க என்ன பண்ணினீங்க? அந்த மேட்டுப்பாளையம் டீச்சரை? ... மன்னிப்புக் கேக்கலையா? இன்னுமா? எத்தனை வருஷம்? பாத்தா பேசறதில்லையா? விசில் உங்களுதுதானே, எண்ணினது நீங்கதானே? அட, நீங்களும் என்னைய மாதிரித்தானா. அதான் இவ்வளவு நேரம் பொறுமையாக் கேட்டீங்க.

திரும்பிப் போகவா? முடியாதுங்க. எந்திரிச்சு நிக்கணும்னு வந்தாச்சு, நிப்பேன். மைக்கையும் கேப்பேன். நாப்பது பக்கம் வேண்டாம், இந்த ஒரு பக்கம் போதும். இந்த மூணாவது வரியைச் சத்தமாப் படிப்பேன். இதை நான் படிக்கலை, அந்த வரியை எடுத்தது நானு, வேணும்னேதான் எடுத்தேன், முந்திரி பிஸ்கட் சாப்பிட்டுக்கிட்டே பாத்தேன். எல்லாத்தையும் சொல்லுவேன். அவர் சம்சாரம் முன்னாடி, மாணவருங்க முன்னாடி. அவர் வேண்டாம் மேடம், உக்காருங்க மேடம்னு கையாட்டுவார். நெளிவார். ஒளிச்சு வெச்ச பெருந்தன்மையை அத்தனை பேர் முன்னாடி இழுத்து வெளிய போட்டா அந்த மாதிரி ஆளால தாங்க முடியாது. கண்ணு கலங்கும். பென்சிலைத் தேடுவார். அந்த முகத்தையும் பாத்துட்டுத்தான் வருவேன். விடமாட்டேன்.

அழலைங்க. ஜன்னல் காத்து. வெயில் வேற.

அய்யோ, அது என்ன, பச்சை வளைவு போட்டு, தோரணமெல்லாம் கட்டி... அதுதானுங்க காலேஜு! தாண்டிட்டான்! கண்டக்டர்! கண்டக்டர் தம்பி! அக்கட்டால நின்னு போன் பாத்துக்கிட்டு இருக்கான் பாருங்க. டீச்சர், ஊதுங்க உங்க விசிலை! ஒரு விசில் அடிச்சா டிரைவர் நிறுத்திருவார். பரவாயில்லை ஊதுங்க, திட்டினா நான் பாத்துக்கறேன், ஊதுங்க!

நின்னுருச்சு. வழி விடுங்க, வழி விடுங்க. மீதிப் பக்கத்தையெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க டீச்சர், பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, அந்த மேட்டுப்பாளையம் அம்மாவுக்கு ஒரு கடுதாசி எழுதுங்க. இந்த ஒத்தைப் பக்கம் எனக்குப் போதும்.

அடேயப்பா, படி எவ்வளவு ஒசரம். கையைக் குடுங்க. நீங்களே எண்ணுங்க டீச்சர், நான் இறங்கறேன். இல்லைங்க, இல்லைங்க, அந்த விசிலைச் சேக்காதீங்க. என் காலு கீழ பட்டதுக்கு அப்பறந்தான் ஒண்ணு.